கரண்டியிலிருந்து கணக்கேட்டுக்கு: கொத்தனார் ஒப்பந்ததாரர் ஆகும் வழி

கட்டுமானத் தொழிலில் ஒரு வேலையைத் தன் கையால் திருத்தமாகச் செய்யத் தெரிந்தவரும், ஒரு கட்டடத்தை முழுதாகக் கட்டிச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்பவரும், வெளிப்பார்வைக்கு ஒரே ஏணியின் இரு படிகளில் நிற்பவர்களாகத் தெரிந்தாலும், உண்மையில் அவர்கள் செய்வது இருவேறு தொழில்களாகும். கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், குழாய் வேலைக்காரர் ஆகியோர் தங்கள் உழைப்புக்கும் திறமைக்கும் கூலி பெறுகின்றனர்; ஒப்பந்ததாரரோ குறித்த விலைக்குள், குறித்த காலத்துக்குள், பேசிய தரத்தில் வீட்டை முடித்துத் தருவதாக வாக்களித்து, அந்த வாக்கு தவறினால் வரும் இழப்பைத் தாமே ஏற்கிறார். தமிழ்நாட்டில் வீடு கட்டித்தரும் சிறு ஒப்பந்ததாரர்களில் மிகப் பலர் கரண்டி பிடித்துத் தொடங்கியவர்களாகவே இருப்பதால், இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதை அறிவது அத்தொழிலில் இருப்பவர்களுக்கும் வீடு கட்ட நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

கட்டுமானக் களத்தின் படிநிலையை முதலில் விளக்க வேண்டும். கலவையும் செங்கலும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் சித்தாள் எனப்படுகிறார். மண் வெட்டுதல், கலவை போடுதல் முதலிய கடின வேலைகளைச் செய்பவரைப் பல ஊர்களில் பெரியாள் என்பர். தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துச் சுவர் எழுப்பிப் பூசுபவர் கொத்தனார். சில கொத்தனார்களையும் சித்தாள்களையும் சேர்த்து வேலை வாங்குபவர் மேஸ்திரி. இந்தச் சொல், தேர்ந்த கைவினைஞரைக் குறிக்கும் ‘மெஸ்த்ரே’ என்னும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வடநாட்டில் வழங்கும் ‘மிஸ்திரி’யும் அதே வேரினது. மேஸ்திரி வரையிலான வளர்ச்சி கைத்திறனின் வளர்ச்சியே ஆகும். அதற்கு மேல் வேலையை ஏற்கும் முறையில் இரண்டு வகைகள் உள்ளன. வீட்டுக்காரர் சிமெண்டு, மணல், கம்பி, செங்கல் அனைத்தையும் வாங்கித் தர, ஆள் கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது ‘லேபர் காண்ட்ராக்ட்’ என வழங்கும் கூலி ஒப்பந்தம். பொருளும் கூலியும் சேர்த்து ஒரே விலைக்குப் பேசுவது, மக்கள் வழக்கில் ‘மெட்டீரியலோடு’ எடுப்பது எனப்படும் முழு ஒப்பந்தம். தொழிலின் தன்மையே மாறிவிடுவது இந்த இரண்டாம் வகைக்குள் காலடி வைக்கும்போதுதான்.

எல்லாத் தொழில்களையும் ஒரே பொறுப்பின் கீழ்க் கொண்டுவரும் இம்முறை உலகில் மிகப் பழையதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் கட்டடம் எழுப்ப விரும்பியவர் கல்தச்சர், செங்கல் வேலைக்காரர், மரத்தச்சர், ஈயவேலைக்காரர் ஆகிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உடன்படிக்கை செய்வதே பெருவழக்காக இருந்தது. அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் கியூபிட். 1788இல் பிறந்த அவர் தச்சராகத் தொழிலைத் தொடங்கி, கப்பலில் தச்சு வேலை பார்த்தபடி இந்தியா வரை பயணம் செய்து, சேர்த்த பணத்தோடு லண்டன் திரும்பித் தனித்தொழில் நடத்தினார். 1815ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிறுவனத்தின் கட்டடத்தை ஏற்றபோது, பிற தொழிலாளர்களின் தாமதத்துக்கெல்லாம் தாமே பதில் சொல்ல வேண்டியிருந்ததால், எல்லாத் தொழில்களின் ஆட்களையும் நிரந்தரக் கூலிக்கு அமர்த்தித் தமக்கென ஒரு பட்டறையையே நிறுவினார். ஆனால் நிரந்தரமாக ஆட்களை வைத்துக்கொண்டவருக்கு அவர்களுக்கு இடைவிடாமல் வேலை தரவேண்டிய கட்டாயமும் கூடவே வந்தது; அதனால் அவர் நிலம் பிடித்துத் தாமே வீடுகளைக் கட்டி விற்கவும் நேர்ந்தது. லண்டனின் பெல்கிரேவியா பகுதியின் பெரும்பகுதி அவ்வாறு உருவானதே. விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகையைக் கட்டியவரும் அவரே. வேலை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் அந்த நெருக்கடி, இன்று மூன்று வீடுகளை ஒரே நேரத்தில் ஏற்றிருக்கும் சிறு ஒப்பந்ததாரரையும் அதே அளவில் அழுத்துகிறது.

கைத்தொழிலாளரை ஒப்பந்ததாரராக ஏற்கும் முன் அவருடைய தகுதியைச் சோதிக்கும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் கட்டுமானக் கொத்தனார் சொந்தத் தொழில் தொடங்குவதற்குப் பொதுவாக ‘மைஸ்டர்’ எனப்படும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அத்தேர்வு செய்முறை, தொழிற்கோட்பாடு, வணிகமும் சட்டமும், பயிற்சி பெறுவோருக்குக் கற்பிக்கும் முறை என நான்கு பகுதிகளைக் கொண்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர் உரிமம் கோருபவர் கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள் தேர்ந்த தொழிலாளராகவோ அதற்கு மேற்பட்ட நிலையிலோ பணியாற்றியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ தனியார் வீட்டைக் கட்டித்தர முன்வரும் ஒருவரிடம் அத்தகைய தேர்வு எதையும் யாரும் கேட்பதில்லை. கதவு திறந்திருப்பது ஏழைத் தொழிலாளருக்கு நன்மையே என்றாலும், அந்த நான்கு பகுதிகளில் முதல் இரண்டை மட்டும் களத்தில் கற்று, மூன்றாவதான கணக்கையும் சட்டத்தையும் சொந்த இழப்பின் வழியாகக் கற்கவேண்டிய நிலை அவருக்கு நேர்வதை எளிதாகக் கடந்துவிட முடியாது. நன்றாகச் சுவர் கட்டத் தெரியாததால் நொடித்துப்போன ஒப்பந்ததாரர்கள் மிகச் சிலரே. விலை சொல்லத் தெரியாமலும் கையிலிருக்கும் பணத்தின் தன்மை தெரியாமலும் நொடித்தவர்களே மிகுதி.

விலை சொல்வதற்கு அடிப்படை மதிப்பீடு, அதாவது வரைபடத்திலிருந்து ஒவ்வொரு பொருளின் அளவையும் ஒவ்வொரு வேலையின் கூலியையும் கணக்கிட்டு எடுப்பது. பல மேஸ்திரிகள் இதைத் தவிர்த்து, ஊரில் நிலவும் சதுர அடி விலையை அப்படியே சொல்லிவிடுகின்றனர். 1,000 சதுர அடி கொண்ட எளிய வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை சிமெண்டும் மூன்றரை முதல் நான்கு டன் கம்பியும் ஆகும் என்பது தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. இது சரிபார்ப்பதற்கு உதவுமே தவிர, விலை சொல்வதற்குப் போதாது. ஏனெனில் அதே 1,000 சதுர அடி வீடு கரிசல் மண்ணில் நிற்கும்போது அடித்தளத்துக்கு ஆகும் செலவும், கெட்டியான செம்மண்ணில் நிற்கும்போது ஆகும் செலவும் பெரிதும் வேறுபடும். கம்பியைப் பொறுத்தவரை கணக்கு எளிதே: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். அவ்வாறு 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ எடை பெறும்; 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ இருக்கும். கட்டமைப்பு வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் இவ்வாறு எடை கண்டு, வெட்டும்போது வீணாகும் துண்டுகளுக்குச் சிறிது சேர்த்துக்கொண்டால், கம்பிக்கான செலவில் பெரிய ஏமாற்றம் நேராது. கொத்தனாராக இருந்து வந்தவருக்குச் செங்கல், கலவை, பூச்சு ஆகியவற்றின் அளவு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அவர் தடுமாறுவது பெரும்பாலும் மின்சாரம், குழாய், ஜன்னல், வண்ணப்பூச்சு முதலிய பிறர் தொழில்களில்தான். அவற்றுக்கெல்லாம் தோராயமாக ஒரு தொகையை எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவது இத்தொழிலில் அடிக்கடி காணும் துயரம்.

பொருளும் கூலியும் கூட்டியபின் இரண்டு செலவுகளைச் சேர்க்கவேண்டும்; பழகாதவர்கள் இரண்டையும் மறந்துவிடுகின்றனர். ஒன்று, ஒப்பந்ததாரரின் சொந்த உழைப்புக்கான சம்பளம். நேற்றுவரை நாள்கூலி பெற்ற மேஸ்திரி, இன்று காலை முதல் மாலை வரை களத்தில் நின்று மேற்பார்வை செய்யும்போது, அந்த உழைப்புக்கு விலை இல்லை என்பதுபோல் கணக்கிட்டு, மிஞ்சுவதையெல்லாம் இலாபம் என்று எண்ணிக்கொள்கிறார். ஆறு மாதம் உழைத்து மிஞ்சிய தொகை அந்த ஆறு மாதத்து நாள்கூலியைவிடக் குறைவாக இருந்தால், அவர் பிறர் வீட்டைத் தம் சொந்தப் பணம் போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்றே பொருள். மற்றொன்று மேல்செலவு, அதாவது எந்தக் குறிப்பிட்ட சுவரிலும் சேராமல் தொழில் முழுவதற்கும் ஆகும் செலவு: சென்ட்ரிங் பலகைகளின் வாடகை, கலவை இயந்திரம், வண்டி எரிபொருள், காவல், கணக்கருக்கான கட்டணம், பொருள் வாங்கப் பெற்ற கடனுக்கான வட்டி. இவற்றுக்கும் மேலே வைப்பதே இலாபம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 20 லட்சம் ரூபாய் செலவின்மேல் 20 சதவீதம் சேர்த்து 24 லட்சம் என்று விலை சொல்பவர், தமக்கு விலையில் 20 சதவீதம் மிஞ்சும் என்று எண்ணுவது தவறு; 24 லட்சத்தில் 4 லட்சம் என்பது ஏறத்தாழ 16.7 சதவீதமே. விலையில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சவேண்டுமானால் செலவின்மேல் 25 சதவீதம் சேர்க்கவேண்டும்.

விலை ஏற்றத்தின் விளைவையும் ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 24 லட்சம் ரூபாய்க்குப் பேசிய வீட்டில் 2 லட்சத்து 40 ஆயிரம் இலாபம் எதிர்பார்க்கப்படுகிறது என்று கொள்வோம். வேலை தொடங்கிய பின் கம்பி விலை கிலோவுக்கு 10 ரூபாயும் சிமெண்டு மூட்டைக்கு 50 ரூபாயும் ஏறினால், 4 டன் கம்பிக்கு 40 ஆயிரமும் 400 மூட்டைக்கு 20 ஆயிரமுமாக 60 ஆயிரம் ரூபாய் கூடுதலாகும். எதிர்பார்த்த இலாபத்தில் கால்பங்கு அங்கேயே போய்விடுகிறது. கூலி ஒப்பந்தத்தில் இந்த ஏற்றம் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. முழு ஒப்பந்தத்தில், உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், அது ஒப்பந்ததாரரின் தலையில் விழும். பொருளைத் தாமே வாங்கும் உரிமையோடு பொருள் விலையின் ஆபத்தையும் அவர் வாங்கிக்கொள்கிறார்.

இதனால் எழுத்து உடன்படிக்கை இன்றியமையாததாகிறது. ஊரிலும் உறவிலும் அறிமுகமானவர்களிடையே வேலை பேசும்போது, எழுதிக் கேட்பது நம்பிக்கைக் குறைவாகத் தோன்றும் என்று மேஸ்திரிகள் தயங்குவதுண்டு. ஆனால் நட்பும் உறவும் கெட்டுப்போவது எழுதாமல் விட்ட இடங்களில்தான். சதுர அடிக் கணக்கில் படிக்கட்டின் மேற்கூரை சேருமா, முன்புறப் போர்ட்டிகோ முழு அளவா பாதி அளவா, தண்ணீர்த் தொட்டியான சம்ப், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் ஆகியவை விலைக்குள் அடங்குமா, அடித்தளம் எத்தனை அடி ஆழம் வரை பேசிய விலையில் அடங்கும், அதற்குமேல் தோண்ட நேர்ந்தால் என்ன விலை என்பவையெல்லாம் முதல் நாளே தாளில் இருக்கவேண்டும். சிமெண்டு, கம்பி, தரை ஓடு, மின்கம்பி ஆகியவற்றின் வகையும் விலை வரம்பும் எழுதப்பட வேண்டும். வேலையின் நடுவே வீட்டுக்காரர் கேட்கும் மாற்றங்களே கடைசிச் சச்சரவின் ஊற்று. பூஜையறைக்கு ஒரு மாடம், சமையலறைக்குக் கூடுதலாக ஒரு பரண், ஜன்னல் ஓரடி தள்ளி என்று ஒவ்வொன்றும் சிறிதாகவே வரும். மறுத்தால் மனத்தாங்கல் வரும் என்று செய்து கொடுத்துவிட்டு, கடைசியில் மொத்தமாகக் கேட்கும்போது, எல்லாம் விலைக்குள் அடங்கியது என்றே வீட்டுக்காரர் நினைத்திருந்ததாகத் தெரியவரும். ஒவ்வொரு கூடுதல் வேலையையும் செய்வதற்கு முன்னரே, அதற்கான தொகையோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடும் வழக்கம் இச்சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது.

இவை அனைத்தையும்விட ஆழமான படுகுழி பணவோட்டத்தில் உள்ளது. வீட்டுக்காரர் பணத்தைக் கட்டங்களாகத் தருகிறார்: முன்பணம், பேஸ்மட்டம், லிண்டல் மட்டம், கூரைக் கான்கிரீட், பூச்சு, தரை, கடைசியாக ஒப்படைப்பு. முன்பணமும் பேஸ்மட்டத் தொகையும் வந்த நாளில் ஒப்பந்ததாரர் கையில் இருக்கும் பணம், அதுவரை ஆன செலவைவிட மிகுதியாக இருக்கக்கூடும். நாள்கூலி வாங்கிப் பழகியவருக்குக் கையில் வந்த பணம் உழைத்துப் பெற்ற பணம். அதைச் செலவிடும் உரிமை தமக்கு உண்டு என்பதே வாழ்நாள் அனுபவம். முழு ஒப்பந்தத்தில் அப்பணம் இனிமேல் வாங்கவேண்டிய கம்பிக்கும் சிமெண்டுக்கும் உரியது. அது அவரிடம் அடைக்கலமாக இருக்கிறது. அதை எடுத்து வண்டி வாங்குவதும், தங்கையின் திருமணத்துக்குக் கொடுப்பதும், வேறொரு வீட்டின் நிலுவையைத் தீர்ப்பதும் தீய எண்ணத்தால் நிகழ்வன அல்ல. பணத்தின் தன்மை மாறிவிட்டதை உணராததால் நிகழ்வன. பின்னர்க் கூரை போடும் நாள் நெருங்கும்போது பணம் இல்லாமல், புதிதாக ஒரு வீட்டை ஏற்று அதன் முன்பணத்தில் பழைய வீட்டின் கூரையைப் போடுகிறார். இந்த இரண்டாம் வீட்டுக்கு மூன்றாம் வீடு தேவைப்படுகிறது. வேலை கிடைத்துக்கொண்டிருக்கும் வரை இச்சங்கிலி ஓடும். முன்பணம் பெறுவதற்காகவே விலையைக் குறைத்துச் சொல்லத் தொடங்குவதால், ஒவ்வொரு கண்ணியும் முன்னதைவிட மெலிந்துகொண்டே போகும். ஏதேனும் ஒரு மழைக்காலத்தில் புதிய வேலை வராமல் நிற்கும்போது, பாதியில் நிற்கும் வீடுகளும், சிமெண்டுக் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் ஏறிய கடனும், கூலி கிடைக்காத ஆட்களும் ஒரே வாரத்தில் அவர் வாசலுக்கு வந்துவிடுகின்றனர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தது தனிப் பேரேடோ வைத்து, ஒன்றின் பணத்தால் இன்னொன்றைத் தொடாதிருப்பது ஒன்றே இதற்குக் காப்பு.

வங்கிக் கடனில் கட்டப்படும் வீடுகளில் இதற்கு எதிர்மாறான நெருக்கடி உண்டு. வங்கி, தன் பொறியாளர் வந்து பார்த்து ஒரு கட்டம் முடிந்ததை உறுதி செய்த பின்னரே அக்கட்டத்துக்குரிய தொகையை விடுவிப்பதால், ஒப்பந்ததாரர் தம் பணத்தை முதலில் போட்டுவிட்டுக் காத்திருக்க நேர்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலையில் வாரக்கூலிக்காக நிற்கும் ஆட்கள் வங்கியின் ஆய்வு முடியும்வரை காத்திருக்க முடியாது. எனவே குறைந்தது சில வாரக் கூலிக்கும் ஒரு கட்டத்துப் பொருளுக்கும் போதுமான நடைமுறை முதல் கையில் சேரும்வரை முழு ஒப்பந்தத்துக்கு அவசரப்படாதிருப்பதே அறிவுடைமை. பொதுவாகக் கடைசித் தவணை, மொத்த விலையில் 5 முதல் 10 சதவீதம் வரை நிறுத்திவைக்கப்படும் தொகை, ஒப்பந்ததாரரின் இலாபத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். செலவெல்லாம் முன் தவணைகளில் தீர்ந்துபோக, கடைசித் தவணையில்தான் அவர் உழைப்பின் பயன் தங்கியிருக்கிறது; கதவின் தாழ்ப்பாள் சரியில்லை, குளியலறைத் தரையில் நீர் தேங்குகிறது என்னும் சிறு குறைகளைச் சரிசெய்யாமல் அடுத்த களத்துக்கு ஓடுபவர் அதையே இழக்கிறார்.

பிறர் தொழில்களை ஒழுங்குபடுத்துவது ஒப்பந்ததாரரின் அன்றாடப் பணி. அத்தொழில்களை அவர் தம் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எது எதற்கு முன் நிகழவேண்டும் என்பது தெரிந்தே ஆகவேண்டும். கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முன் மின்குழாய்கள் கம்பிக்கட்டின் இடையே பதிக்கப்பட்டிருக்க வேண்டும். சுவர் பூசுவதற்கு முன் மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமான காடிகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். குளியலறையின் தாழ்தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, நீர் தேக்கி வைத்துச் சோதித்த பின்னரே தரை ஓடு பதிக்கவேண்டும். இதில் ஒன்று முன்பின்னாகப் போனாலும் முடிந்த வேலையை உடைக்க நேரும். உடைப்பதற்கும் மீண்டும் பூசுவதற்கும் ஆகும் கூலியை எவரும் தருவதில்லை. காத்திருக்கவேண்டிய நாட்களும் இந்த ஒழுங்கில் அடங்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டில் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டிலோ வெப்பமும் வறட்சியும் மிக்க சூழலிலோ குறைந்தது 10 நாட்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைத்தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்னும், அதற்கு மேற்பட்ட அகலத்தில் 14 நாட்களுக்கு முன்னும் எடுக்கலாகாது. சென்ட்ரிங் பலகையின் வாடகை நாளுக்கு நாள் ஏறும்போது இரண்டு நாள் முன்னதாகப் பிரித்துவிடத் தோன்றும் ஆசையை அடக்குவதற்கு, கொத்தனாராக இருந்தபோது தேவைப்படாத ஓர் உறுதி தேவைப்படுகிறது.

கட்டமைப்பு வரைபடத்தை மாற்றும் உரிமை ஒப்பந்ததாரருக்கு இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பல ஆண்டுகள் தூண் எழுப்பிய அனுபவத்தால், இந்தத் தூணுக்கு இவ்வளவு கம்பி வேண்டாம் என்று குறைப்பவர்களும், வீட்டுக்காரரின் விருப்பத்துக்காகப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு மாடி கூட்டுபவர்களும் உள்ளனர். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தனர். இறந்தவர்களில் மிகப் பலர் அங்கு வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். கட்டடம் விழுந்தால் முதலில் அதன் கீழே இருப்பவர்கள் கூலிக்காரர்களே என்பதை, ஒரு காலத்தில் அவர்களோடு நின்று கலவை குழைத்தவர் மறக்க நியாயமில்லை. மின்வேலையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தமிழ்நாட்டில் மின் இணைப்பு வேலைகளை மின் உரிம வாரியத்தின் உரிமம் பெற்றவர்களைக் கொண்டே செய்யவேண்டும்.

வரி என்பது பல மேஸ்திரிகள் கடைசியில் எண்ணிப்பார்க்கும் செய்தி. ஆனால் கூலி ஒப்பந்தத்திலிருந்து முழு ஒப்பந்தத்துக்கு மாறும் கணத்திலேயே அது வந்து நிற்கிறது. தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்கு உழைப்பை மட்டும் தரும் கூலி ஒப்பந்தத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. பொருளும் உழைப்பும் சேர்ந்த ஒப்பந்தம் சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்ததும் பதிவு செய்து, பொதுவாக 18 சதவீத வரியை வசூலித்துச் செலுத்தவேண்டும். மேலே சொன்ன 24 லட்சம் ரூபாய் வீடு ஒன்றே இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 18 சதவீதம் என்பது 4 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். வாங்கும் சிமெண்டிலும் கம்பியிலும் செலுத்திய வரியை இதில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதற்கு முறையான ரசீதுகள் வேண்டும். ரசீதில்லாமல் மலிவாக வாங்கியவருக்குக் கழிவு கிடைக்காது. விலை பேசும்போதே வரி இதில் அடங்குமா, தனியா என்று எழுதாதவர், எதிர்பார்த்த இலாபத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு தொகைக்குத் தாமே பொறுப்பாக நேரிடும். முதல் முழு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு கணக்கரிடம் ஒரு மணி நேரம் பேசுவது, அந்த ஆண்டு அவர் செய்யும் செலவுகளிலேயே மிகப் பயனுள்ளதாக இருக்கும்.

அரசு வேலைகளின் வழி தனிப்பட்டது. பொதுப்பணித் துறை முதலிய துறைகளில் ஒப்பந்ததாரர்கள் வகுப்பு வாரியாகப் பதிவு செய்யப்பட்டு, ஒவ்வொரு வகுப்பினரும் குறித்த மதிப்பு வரையிலான வேலைகளுக்கே விண்ணப்பிக்க முடியும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் விலைப்புள்ளிகள் கோரப்படுகின்றன. முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப்புத்தகத்தில் பதிந்த பின்னரே பட்டியல் தொகை வரும். இங்கே நடைமுறை முதல் இன்னும் மிகுதியாக வேண்டும் என்பதால், தனியார் வீடுகளில் காலூன்றிய பிறகே இதில் நுழைவது நல்லது.

ஆட்களுக்கான பொறுப்பு ஒப்பந்ததாரரின் கணக்கேட்டில் சிறிய இடத்தைப் பெற்றாலும் அறத்தில் முதலிடம் பெறத்தக்கது. வேலையின்போது நேரும் விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும் என்பது இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே நிலைத்த நெறி. ஆகவே சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் ஒப்பந்ததாரர் ஒதுங்கி நிற்க இயலாது. தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் முதலியவை கிடைக்கின்றன. கட்டட அனுமதி பெறும்போது செலவு மதிப்பீட்டின் அடிப்படையில் வீட்டுக்காரர் செலுத்தும் நலநிதித் தொகை இவ்வாரியத்துக்கே செல்கிறது. தம்மிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரும் பதிவு செய்திருக்கிறாரா, பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா என்று பார்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை. ஆயினும் அதைச் செய்யும் ஒப்பந்ததாரர்கள் குறைவு.

இரண்டாவது, மூன்றாவது களம் சேரும்போது ஒப்பந்ததாரர் எல்லா இடத்திலும் நிற்க முடியாமல், தம் கொத்தனார்களில் ஒருவரை மேஸ்திரியாக்கி ஒரு களத்தை ஒப்படைக்கவேண்டி வருகிறது. தாம் கட்டும் சுவரின் நேர்த்தியில் பெருமை கொண்டவருக்கு, பிறர் கட்டிய சற்றுக் குறைவான சுவரைப் பார்த்துக்கொண்டு கரண்டியைத் தொடாமல் நிற்பது மிகக் கடினமான பயிற்சி. அவ்வாறு உயர்த்தப்பட்டவர் சில ஆண்டுகளில் விலகித் தனியே வேலை பிடிக்கத் தொடங்குவதும் இயல்பு. தாம் வந்த வழியும் அதுவே என்பதை உணர்ந்தவர்கள், பகைத்துக்கொள்ளாமல் தங்கள் வேலையிலேயே ஒரு பகுதியை அவருக்குக் கூலி ஒப்பந்தமாகக் கொடுத்து உறவைத் தொடர்கின்றனர்.

இந்த ஏணி எல்லாருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. சித்தாளாகச் சேரும் ஆண் ஓரிரு ஆண்டுகளில் கரண்டி பிடித்துப் பழகத் தொடங்குகிறார். சித்தாளாகச் சேரும் பெண்ணோ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் சித்தாளாகவே, கொத்தனாரைவிட மிகக் குறைந்த கூலியில், தலையில் கலவைச் சட்டியோடு ஓய்வு பெறுகிறார். கலவையின் பதத்தைப் பார்த்த கணத்தில் சொல்லக்கூடியவராகவும், ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை ஆகும் என்று முன்கூட்டியே அறிந்தவராகவும், வாரக்கூலியில் குடும்பக் கணக்கை நடத்திப் பழகியவராகவும் அவர் இருந்தும், கரண்டி அவர் கைக்குத் தரப்படுவதில்லை. பெண்களால் முடியாது என்னும் காரணம் வேறிடங்களில் பொய்யாகியுள்ளது. கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் குழுக்கள் கொத்து வேலையில் பயிற்சி பெற்று வீடுகளையே முழுதாகக் கட்டி ஒப்படைத்துள்ளன. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கழிப்பறைகள் கட்டப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களுக்கு, முன்பு ஆண்களுக்கு மட்டுமே வழங்கிய பட்டம் ஊர்வழக்கில் புது வடிவம் பெற்றது. அவர்களை அங்கே ‘ராணி மிஸ்திரி’ என்று அழைக்கின்றனர்.